கறுப்புத் திரையில் யார் ராஜா?

பேஷ், இசட்-ஷெல், ஃபிஷ்: கணினிக்குக் கட்டளை கொடுக்கும் இந்த மூன்று ஷெல்களில் எது சார் உசத்தி? எல்லாமே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதானே!

யாருக்கு உசத்தி? கட்டளை அடிக்கும் விரலுக்கா, ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கா? விரலுக்கு என்றால் என் ஓட்டு ஃபிஷுக்கு. இரண்டெழுத்து அடிப்பதற்குள், நேற்று அடித்த நீளமான கட்டளை சாம்பல் நிறத்தில் முழுசாக எட்டிப்பார்க்கும். வலது அம்புக்குறியைத் தட்டினால் கைக்கு வந்துவிடும். ஆனால் பேஷுக்கு எழுதியதை அப்படியே ஒட்டினால் முரண்டு பிடிக்கும். சமக்குறி போட்டு ஒரு மாறிக்கு மதிப்பு கொடுங்கள், "'செட்' போட்டு எழுது" என்று திருப்பி அனுப்பும். சர்வரில் ஸ்கிரிப்டுக்கு பேஷ்தான் சரி.

அப்படியென்றால் 2019-ல் ஆப்பிள் ஏன் பேஷை விட்டு இசட்-ஷெல்லுக்குத் தாவியது? வேகம் போதவில்லையா?

வேகத்தைப் பார்க்காதீர்கள், உரிமத்தைப் பாருங்கள்! 2009-ல் வந்த பேஷ் 4, ஜி.பி.எல். என்ற கெடுபிடியான உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியானது. மேக்கில் பேஷ் அதற்கு முந்தைய 3.2-ஐத் தாண்டவே இல்லை. இசட்-ஷெல்லின் உரிமத்தில் அந்தக் கெடுபிடி கிடையாது. 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ் லினக்ஸில் இன்றும் வளர்கிறது. மேக்கில் கூப்பிட்டால் இன்றும் அதே 3.2 வந்து நிற்கும்.