குழந்தை வைத்தியரைக் கௌரவிக்கச் சில ஆலோசனைகள்

நம் பாடசாலையில் படித்த பிள்ளை குழந்தை நல வைத்திய நிபுணராகிவிட்டார். செங்கலடிக்கே பெருமை. அதில் நமக்குரிய பங்கைக் கைவிடாமல் விழா எடுப்பது எப்படி?

முதலில் பதாகை. பதுளை வீதி பிரியும் சந்தியில் கட்டுங்கள். ஏறாவூரிலிருந்து வருபவரும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரும் தப்ப முடியாது. நடுவில் அனுசரணையாளர், ஓரத்தில் வைத்தியர். ஸ்டெதஸ்கோப் இல்லாத படம்தான் கிடைத்ததென்றால் அச்சகத்தில் மாட்டிவிடுவார்கள்.

கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதம் விழாவுக்குத் தோதானது. அழைப்பிதழில் ஒன்பது மணி என்று போட்டு, பிள்ளைகளை ஏழரைக்கே பாண்ட் வாத்தியத்துடன் வாசலில் நிறுத்துங்கள். பிரதம அதிதி பத்தரைக்கு வருவார். அதற்குள் மூன்றாம் தரத்துப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தால் பதற வேண்டாம். அதற்குரிய ஆளைத்தானே அழைத்திருக்கிறோம். மாலை போட்ட கழுத்தோடு அவர் குனிந்து, பிள்ளையை நிழலில் கிடத்திக் காலை உயர்த்திவிட்டு, "ஜீவனி இருக்கா?" என்று கேட்பார். இராது. சோடா இருக்கும், அது மேடைக்கு. நீரிழப்புக்குக் கொடுக்கும் அந்த ஜீவனித் தூளில் ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து வைக்கிற விழாக்குழுவை நான் இன்னும் காணவில்லை. படப்பிடிப்பாளர் மட்டும் ஆயத்தமாக நிற்கட்டும்.

வாழ்த்துப்பா கட்டாயம். மீன் பாடும் தேனாடு முதல் அடியிலேயே வந்துவிட வேண்டும். வைத்தியரின் பெயருக்கு எதுகை அமையாவிட்டால் தகப்பனாரின் பெயரை முயன்று பார்க்கலாம்.

உரைகளில் அவர் பட்ட பாட்டை இழுக்காதீர்கள். ஐந்து வருட மருத்துவப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, கொழும்பில் பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, எம்.டி., வெளிநாட்டுப் பயிற்சி என்று போனால் பேச்சாளரைப் பற்றிப் பேச நேரம் இராது. "என்னட்டப் படிச்ச பிள்ளை" என்றால் போதும். உண்மையில் படிப்பித்த, பின்னேரங்களில் காசு வாங்காமல் உயிரியல் வகுப்பு எடுத்த ரீச்சருக்குப் பின்வரிசையில் ஒரு கதிரை போடுங்கள். வைத்தியர் மேடையிலிருந்து இறங்கிப் போய்த் தன் பொன்னாடையை அவருக்குப் போர்த்திவிடும் அபாயம் உண்டு. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விசயம் அது. அறிவிப்பாளர் உடனே பாட்டொன்றைப் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

வெளியே, வாகனத்தடியில், அழைப்பிதழ் கிடைக்காத ஒரு அம்மம்மா பேரனோடு நிற்பார். "மனே, இவன் ரெண்டு நாளாச் சோறு தின்னுறானில்ல, ஒருக்காப் பாருங்க மனே." வைத்தியர் பையனை "ஆ" சொல்லச் சொல்லி, போன் வெளிச்சத்தில் தொண்டையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரை அழைத்துவர ஆள் அனுப்ப வேண்டாம். அந்த இடைவெளியில் நன்றியுரையை முடித்துவிடுங்கள்; ஒலிபெருக்கிக்காரரின் பெயர் மட்டும் விடுபடக் கூடாது.