எஜமானின் உயிலில் பாட்டியின் பெயர்

கேள்வி: அமெரிக்காவில் பூர்விகம் தேடுகிறவர்கள் ஏன் கவுண்டி நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள்? முன்னோர் எல்லாரும் வழக்காளிகளா?

பதில்: கோர்ட் படியே ஏறாதவரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும்! உயில், பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம், திருமணப் பதிவு எல்லாம் அங்கே பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில்தான். நம் முன்சீப் கோர்ட்டும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசும் ஒரே கட்டடத்தில் இருந்தால் எப்படியோ, அப்படி.

கேள்வி: கறுப்பினக் குடும்பத்தினர் மட்டும் 1870-க்கு முன்னே போக முடியாமல் திணறுகிறார்களாமே?

பதில்: அடிமைகளாக இருந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் மக்கள்தொகைக் கணக்கில் முதன்முதலாக ஏறியதே அந்த ஆண்டில்தான். 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் எஜமான் பெயர் இருக்கும். கீழே வயது, பால், நிறம் போன்ற விவரங்கள்தான்; அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது.

கேள்வி: பெயரே இல்லாதவரை எப்படித் தேடுவது?

பதில்: எஜமானைத் தேடுங்கள். அவர் இறந்த ஆண்டைப் பிடியுங்கள். கோர்ட் நியமித்த ஆட்கள் வந்து சொத்தை மதிப்பிட்டிருப்பார்கள். கலப்பை, கட்டில், கறவை மாடு. அதே தாளில், அதே கையெழுத்தில், ஒரு பெண்ணும் அவள் கைக்குழந்தையும். எதிரே டாலர் கணக்கு. பெரும்பாலும் குடும்பப்பெயர் இருக்காது. படித்தால் வயிறு எரியும். ஆனாலும் படித்தாக வேண்டும். மனிதரைப் பண்டமாக எழுதிய அந்தக் காகிதம்தான் பல குடும்பங்களுக்குத் தங்கள் பாட்டியின் பெயரை மிச்சம் வைத்திருக்கிறது. அடுத்த தாளையும் விடாதீர்கள்: பாகம் பிரிக்கையில் தாய் மூத்த மகனுக்கும் குழந்தை இளைய மகளுக்கும் போயிருக்கலாம்.

கேள்வி: விடுதலைக்குப் பின் எஜமானின் குடும்பப்பெயரைத்தானே வைத்துக்கொண்டார்கள்?

பதில்: எல்லாரும் அல்ல. முந்தைய எஜமானின் பெயரை வைத்தவர்கள் உண்டு, தானே தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. அதனால் 1870 கணக்கில் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் பெயரையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்; முந்தைய எஜமான் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

கேள்வி: தன் குடும்பக் கதையை 'ரூட்ஸ்' என்று எழுதிய அலெக்ஸ் ஹேலி இப்படித்தானே கண்டுபிடித்தார்?

பதில்: இப்படித்தான் தேடினார். தன் மூதாதை குன்ட்டா கின்ட்டே 1767-ல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் வந்து 'டோபி' ஆனார் என்றார். வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா கவுண்டியில் எஜமானர்களான வாலர் குடும்பத்தின் 1768 பத்திரமொன்றில் டோபி இருந்தார். பூர்விக ஆய்வாளர்களான கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் தம்பதி அந்தக் குடும்பத்தின் மற்ற ஆவணங்களையும் புரட்டினார்கள். கப்பல் வருவதற்கு ஐந்தாண்டு முன்பே, 1762-லேயே, வாலர்களிடம் ஒரு டோபி! ஒரு பத்திரம் கிடைத்ததும் கொண்டாடாதீர்கள்; அதற்கு முந்தைய பத்திரத்தையும் பாருங்கள்.

கேள்வி: ஆவணமே எரிந்துபோயிருந்தால்?

பதில்: உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காகத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட பல வர்ஜீனியா கவுண்டிகளின் ஏடுகள் 1865 ஏப்ரலில் அங்கேயே சாம்பலாயின. அனுப்பாத கவுண்டிகள் சில தப்பின! பக்கத்துக் கவுண்டியைப் பாருங்கள், வரிப் பட்டியலைப் பாருங்கள். நிலமும் கடனும் எல்லைக்கோட்டில் நிற்பதில்லை.

கேள்வி: அடிமைகளே பேசிய ஏடு ஒன்றுகூட இல்லையா?

பதில்: இருக்கிறது. மிசௌரியின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் அடிமைகளே வாதிகளாகத் தொடுத்த விடுதலை வழக்குகள் சுமார் 300. ட்ரெட் ஸ்காட், ஹாரியட் தம்பதி 1846-ல் வழக்குப் போட்டதும் அங்கேதான். பிள்ளை பிறக்கும்போது தாய் சுதந்திரமானவள் என்றால் பிள்ளையும் சுதந்திரம் என்பது அன்றைய சட்டம். பாலி வாஷ் என்ற பெண் முதலில் தனக்காக வழக்காடி 1843-ல் வென்றாள். மகள் லூசிக்காகவும் வழக்குப் போட்டிருந்தாள். அது முடியும்வரை அந்தச் சிறுமி பதினேழு மாதம் சிறையில் கிடந்தாள். 1844-ல் அவளும் விடுதலையானாள்.