தர்ட்டி தர்ட்டி என்னும் குதிரை: சவாரி குறித்த ஓர் ஆய்வு

'பிரேவ்ஸ்டார்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் 1987 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த பிப்ரவரியில் 65 பகுதிகளோடு ஓய்ந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம். ஆண்டுக்கு நான்கு சுற்று சுற்றிவிடத் தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தோதான கணக்கு அது. அற்ப ஆயுள்தான். ஆனால் அது விட்டுச்சென்ற வினாவுக்கு அறிஞர் உலகம் முகம் கொடுக்கவே இல்லை: 23ஆம் நூற்றாண்டுக் காவல் அதிகாரி எதற்காகக் குதிரை ஏறுகிறார்?

முதலில் களம். நியூ டெக்சாஸ் என்னும் கிரகம் பூமியிலிருந்து 600 பார்செக் தொலைவில் இருக்கிறது. ஒளியே புறப்பட்டாலும் போய்ச் சேர 1,900 ஆண்டுக்கு மேல் ஆகும். வானத்தில் மூன்று சூரியன்கள். ஆகவே திணை பாலை என்பதில் ஐயமில்லை. மண்ணுக்கடியில் கீரியம் என்னும் கனிமம். அதைத் தோண்ட அத்தனை தொலைவும் விண்கலத்தில் வந்த மனிதர்கள், இறங்கியதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கௌபாய்களாகிவிடுகிறார்கள்.

வேறு வாகனம் இல்லாமையால் குதிரை என்பாரும் உளர். அது பொருந்தாது, தரையைத் தொடாமல் மிதந்தோடும் வண்டிகள் அங்கே உண்டு. அற்றேல், விரைவு கருதியோ எனின், அதுவும் அன்று. கதைநாயகரான மார்ஷல் பிரேவ்ஸ்டார் அமெரிக்கப் பூர்வகுடி. பருந்தின் கண், ஓநாயின் செவி, கரடியின் வலிமை, பூமாவின் வேகம் ஆகிய நான்கும் கூப்பிட்டதும் அவரிடம் வந்து சேரும். பூமாவைப் போல ஓடுகிறவருக்குக் குதிரை மிகை. இங்கே விலங்கியல் கைகொடுக்கிறது: பூமா பதுங்கிப் பாயும் விலங்கு, கொஞ்ச தூரத்திலேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஆகவே பக்கத்துத் தெருவுக்குப் பூமா, வெளியூருக்குக் குதிரை என்று கொள்க.

சிக்கல் குதிரையிடம் இருக்கிறது. தர்ட்டி தர்ட்டி பாதி இயந்திரம். இரண்டு காலில் நிற்கும், பேசும், சாரா ஜேன் என்று பெயரிட்ட பெருந்துப்பாக்கியால் சுடும். அதன் பெயரோ 1895இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த ரவையின் பெயர்: முன் முப்பது அங்குலத்தின் நூறில் முப்பது பங்கான விட்டம், பின் முப்பது மருந்தின் எடை, கிரெய்ன் கணக்கில். இப்படித் தோளோடு தோள் நிற்கும் கூட்டாளி, அவசரம் என்றதும் நான்கு காலில் இறங்கி முதுகைக் கொடுக்கிறது. படிக்காசு கேட்டதாகச் சான்று இல்லை.

விடையைக் கதைக்குள் தேடுவது வீண். கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டும். தயாரித்த ஃபில்மேஷன் நிறுவனம் ஒருமுறை வரைந்த அசைவைப் பலமுறை ஓட்டுவதில் பேர்போனது. மார்ஷல் விலங்குகளின் ஆற்றலை அழைக்கும் காட்சி பகுதிக்குப் பகுதி திரும்பி வருவதில் ஆன்மிகத்தைவிடச் சிக்கனமே மிகுதி. மேட்டலின் பொம்மைகளோ தொடருக்கு முன்பே, 1986இல், கடைக்கு வந்துவிட்டன. இன்னும் வேடிக்கை, வில்லன் டெக்ஸ் ஹெக்ஸ்தான் மூத்தவன். அதே நிறுவனத்தின் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' தொடருக்காக வரைந்த அவனை நிறுவனத் தலைவர் லூ ஷைமர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார். வில்லனுக்காக ஊர், ஊருக்காக மார்ஷல். மார்ஷல் என்றால் குதிரை வேண்டுமே!

இவ்வளவு கேலிக்கும் அடங்காத பகுதி ஒன்று உண்டு. 'தி பிரைஸ்' என்ற அதில் போதைக்கு அடிமையான சிறுவன் இறந்தேபோகிறான். பூமாவின் வேகமும் அவனைக் காப்பாற்றவில்லை. குழந்தைகள் தொடரில் அன்று அது பெருந்துணிச்சல்.

மார்ஷலும் குதிரையும் கூட்டாளிகளான கதையைச் சொல்லும் திரைப்படம் 1988இல் வந்தது, தொடர் முடிந்த பிறகு. ஆற அமர மேலும் விளக்கியிருப்பார்கள். அதற்குள் லொரியால் தலைமையிலான குழு ஃபில்மேஷனை வாங்கி, 1989 பிப்ரவரியில் இழுத்து மூடிவிட்டது. தர்ட்டி தர்ட்டியின் சம்பள விவகாரம் அப்படியே நிலுவையில் இருக்கிறது.