நடக்காத முத்தத்துக்கு 5,000 டாலர்

1957இல் அமெரிக்காவின் தென் கரோலினா சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. பள்ளிக்கூடம், சாலை மாதிரி சில்லறை விஷயத்துக்காக அல்ல. ‘ஐலண்ட் இன் த சன்’ என்ற படத்தை எந்த தியேட்டராவது ஓட்டினால் 5,000 டாலர் அபராதம்! படத்தின் குற்றம், கறுப்பினத்து ஹாரி பெலஃபான்டேவும் வெள்ளைக்கார ஜோன் ஃபான்டெய்னும் ஒருவரை ஒருவர் விரும்புவது.

தயாரிப்பாளர் டாரில் ஸானக் அசரவில்லை. அபராதத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று அறிவித்தார். மசோதா நிறைவேறவில்லை. ஆக, அவருக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. விளம்பரம் மட்டும் லாபம்.

ஸானக் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். 1949இல் ‘பிங்கி’ எடுத்தபோது, வெள்ளைக்காரியாகத் தோற்றமளிக்கும் கறுப்பினப் பெண் வேடத்துக்கு வெள்ளைக்கார ஜீன் க்ரெய்னையே போட்டுவிட்டார். கதைப்படி கலப்புக் காதல், கால்ஷீட்படி சொந்த இனம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறுப்பு - வெள்ளை உறவைக் காட்டவே கூடாது என்று தடுத்திருந்த காலம் அது. 1956 டிசம்பரில்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த ஜூனில் ஸானக்கின் படம் வந்துவிட்டது.

அலெக் வாவின் நாவல், ராபர்ட் ராஸனின் இயக்கம், பார்படாஸிலும் கிரெனடாவிலும் படப்பிடிப்பு. பெலஃபான்டே தொழிற்சங்கத் தலைவர். ஃபான்டெய்ன் மேட்டுக்குடிப் பெண். இருவரும் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். உச்சக்கட்ட நெருக்கம் என்னவென்றால், ஒரே இளநீரை இருவரும் குடிப்பது. முத்தம் கிடையாது. கடைசியில் நமக்குள் ஒத்துவராது என்று காதலன் கொள்கை பேசிவிட்டுப் போய்விடுகிறார். இந்த இளநீருக்காக ஃபான்டெய்னுக்கு வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன.

இன்னொரு ஜோடி டாரதி டான்ட்ரிஜும் ஜான் ஜஸ்டினும். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்று வசனம் பேசுவதற்கே இழுபறி. என் மனசு உனக்குத் தெரியாதா என்கிற ரீதியில் பூசி மெழுகினார்கள். ஆனாலும் இவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கதை முடிவில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் புறப்பட அனுமதி கிடைத்தது. வெள்ளை ஆண், கறுப்புப் பெண் என்றால் ஹாலிவுட்டுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும்.

படத்தின் மாணிக்கம் மூன்றாவது காதல். ஜோன் காலின்ஸ் கவர்னர் மகனை மணக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்து, அப்பா வழியில் கறுப்பின இரத்தம் கலந்திருப்பது தெரிகிறது. ஐயோ, கல்யாணம் நின்றுவிடுமே! அம்மா முன்னால் வருகிறார்: கவலைப்படாதே மகளே, அவர் உன் அப்பாவே இல்லை. பிரச்சினை தீர்ந்தது. அம்மாவின் கள்ளத்தொடர்பு பற்றி யாருக்கும் புகாரில்லை. மானம் போனால் போகட்டும், வம்சம் வெள்ளையாக இருந்தால் சரி.

விமர்சகர்கள் இளகவில்லை. கடல் அழகு, வானம் அழகு, கதைக்குத்தான் முதுகெலும்பு இல்லை என்றார்கள். மெம்ஃபிஸ் நகரத் தணிக்கை வாரியமோ அந்த முதுகெலும்பைப் பார்த்தே பயந்துவிட்டது போலப் படத்துக்குத் தடை போட்டது. ஒரு தரப்புக்கு முத்தம் இல்லையே என்று கோபம். மறு தரப்புக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோபம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது, படம் நன்றாகவே ஓடியது.

படத்தில் முத்தம் கொடுக்க முடியாத பெலஃபான்டே, அதே 1957இல் வெள்ளைக்கார நடனக்கலைஞர் ஜூலி ராபின்சனைக் கல்யாணமே பண்ணிக்கொண்டார். அதற்கு ஸானக்கின் அனுமதி தேவைப்படவில்லை.

சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1967 ஜூனில், கலப்பு மணத்தைத் தடுத்த 16 மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அந்த டிசம்பரில் கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியே நடித்த ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ வந்தது. அதில் முத்தம் உண்டு. ஒன்றே ஒன்று, அதுவும் டாக்ஸி டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. இந்தத் துணிச்சலான திரைக்கதைக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.