ஒரு மடிக்கணினி, நான்கு குடித்தனம்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வீவக வீட்டில் மடிக்கணினி மெதுவாக ஓடினால் என்ன செய்ய வேண்டும்? பழுதைத் தேடக் கூடாது. பக்கத்திலேயே இன்னொரு விண்டோஸ் 10-ஐ ஏற்ற வேண்டும். அதுவும் நொண்டினால், நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து முடித்த அண்ணன் மகனைக் கூப்பிடுங்கள். அவன் உபுண்டு போடுவான். பாதியில் தேசிய சேவைக்கு அழைப்பு வந்து தெக்கோங் தீவுக்குப் போய்விடுவான். மிச்சத்தை மாமா பார்த்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது மூன்றாவது விண்டோஸ் 10. பழையதை மட்டும் யாரும் அழிக்க மாட்டார்கள். அதில் கல்யாணப் படங்கள் இருக்கின்றன, அல்லது இருப்பதாக அத்தை சொல்கிறார்.

இப்போது கணினியைத் திறந்தால் முதலில் உபுண்டுவின் பட்டியல். அதில் விண்டோஸைத் தொட்டால் இன்னொரு பட்டியல்: விண்டோஸ் 10, விண்டோஸ் 10, விண்டோஸ் 10. தேர்ந்தெடுக்க 30 நொடி தருவார்கள். தேர்ந்தெடுக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

சரிசெய்யும் வேலை, எது யாருடையது என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. இது கணினி வேலை இல்லை, குடும்ப வேலை. ஒவ்வொரு விண்டோஸும் தன்னைத்தான் ‘சி’ என்று சொல்லிக்கொள்ளும். மற்றவை அதற்கு ‘டி’, ‘இ’. நேற்று ‘டி’யில் பார்த்த படம் இன்று ‘டி’யில் இல்லையென்றால் வைரஸ் இல்லை, நீங்கள் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்திருக்கிறீர்கள். ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘எம்எஸ்கான்ஃபிக்’கில் போய்ப் பட்டியலிலிருந்து இரண்டு பெயரை நீக்கிவிட்டு வெற்றி என்று அறிவிப்பவர்கள் உண்டு. பெயர்தான் போகும், ஆள் உள்ளேயே இருப்பார், இடமும் காலியாகாது.

யாராவது வன்தட்டைக் குறை சொன்னால் கோப்பிக்கடையில் மூத்த அக்கா ஒருவரிடம் விசாரியுங்கள். சீகேட் 1982-ல் சிங்கப்பூருக்கு வந்த நிறுவனம். ஆங் மோ கியோவில் அதற்கு வன்தட்டு ஆலையே இருந்தது. மூடப்போவதாக 2009-ல்தான் அறிவித்தார்கள். அந்த அக்கா அங்கே வேலை பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அண்ணன் மகனைவிட அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது நகல் எடுப்பது. ஏதாவது ஒரு விண்டோஸ் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது யாருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறது என்பதைப் பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது விசாரிக்கலாம். தாத்தாவின் தமிழ்க் கட்டுரைகள் கிடைத்தால் எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். 1997-ல் தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. கோப்பை மட்டும் கொண்டுவந்தால் தாத்தா ஐரோப்பிய மொழிகளில் திட்டுவதுபோல் தெரியும். கல்யாணப் படங்களைவிட இதுதான் முக்கியம் என்பேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

கடைக்கே கொண்டுபோவது என்றால் எம்ஆர்டியில் நியூட்டன் வரை போய், டவுன்டவுன் பாதைக்கு மாறி ரோச்சோரில் இறங்கினால் சிம் லிம் சதுக்கம். இடையில் லிட்டில் இந்தியா நிலையம் வரும். அங்கே இறங்கிவிட்டால் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள், மீன் காத்திருக்காது. கடையில் ஒரே கேள்விதான் வரும்: “டேட்டா வேணுமா?” வேணும் என்றால் ஒரு விலை, வேண்டாம் என்றால் பாதி. அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒருமித்த பதில் கிடைத்திருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டீர்கள்.

நீங்களே அழிப்பதாக இருந்தால் உபுண்டுவில் ஆரம்பிக்காதீர்கள். அதன் பகுதியைத் துடைத்துவிட்டுத் திறந்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று வந்து நிற்கும். தெக்கோங்கில் இருப்பவனிடம் கேட்கவும் முடியாது. முதலில் பயாஸுக்குள் போய் விண்டோஸை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். 100 எம்பி அளவில் ‘இஎஃப்ஐ’ என்று சின்னதாக ஒரு பகுதி தெரியும். இவ்வளவு சின்னது எதற்கு என்று கை துறுதுறுக்கும். நான்கு குடித்தனத்துக்கும் வாசல் அதுதான், தொடாதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. ஆகவே இணையத்துக்கு உபுண்டு, மாமாவின் மனநிறைவுக்கு ஒரே ஒரு விண்டோஸ். வேலையைப் பாதியில் விட்டாலும் அண்ணன் மகன் செய்ததுதான் சரி.

இரண்டும் ஒன்றாக இருந்தால் கடிகாரத்தில் சண்டை வரும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை உபுண்டு உலக நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நம்பி எட்டு மணி நேரம் பின்தங்கும். 1981 முடியும்வரை சிங்கப்பூருக்கு அந்த வித்தியாசம் ஏழரை. புத்தாண்டில் நாட்டை விட்டு ஏழரை நீங்கியது. உபுண்டுவில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் இந்தச் சண்டை தீரும். ஆனால் எட்டு மணி நேரம் பின்னால் என்றால் குளிர்காலத்தில் அது லண்டன் நேரம். மாமா பிரிமியர் லீக் பார்ப்பவர் என்றால் அவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.