லடாக்கு போன காலு

ஏங் கண்ணு, அயோத்தியாப்பட்டணத்து வெயில்ல வெந்து வளந்த காலு உன்றது. குப்பனூரு வழியா ஏற்காடு ஏறுனாலே ஸ்வெட்டர் தேடற ஆளு நீ. புல்லட்டை எடுத்துக்கிட்டு லடாக்குக்குப் போனயாக்கும்! தலையில கேமரா கட்டத் தெரிஞ்சுது, ஈரச் சாக்ஸை மாத்தத் தெரியலையா?

இப்ப வெரலெல்லாம் செவந்து, ஊதாப் பூத்து, வீங்கி, எரிஞ்சு அரிக்குது. உடனே போனைத் தடவி, காலையே எடுத்துருவாங்களோன்னு அழுவற. அட, அது வேற சங்கதிப்பா. பனியில உறைஞ்ச வெரலு வெளுத்து, வெறைச்சு, தொட்டாலுந் தெரியாது. உனக்கு வந்தது சில்பிளேனு. இதுக்குப் பனியே வேண்டாம், 15 டிகிரிக்குள்ள ஈரக்குளுரு போதும். லண்டன்ல கரண்டு பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அமத்தற நம்ம புள்ளைங்களுக்கும் வருது.

குளுருக்கு வெரல்ல இருக்கற சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுருங்கிக்கும். நீ என்ன பண்ணுன? ரூமுக்கு வந்ததும் ஹீட்டர்கிட்டக் காலை நீட்டுன. அடைச்ச மடையை வெடுக்குனு தொறந்தா வாய்க்கா தாங்குமா? கசிஞ்சு வீங்கிருச்சு. அதுவும் அப்பவே காட்டாது, பல மணி நேரங் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்.

ஊரு வந்து சேந்தயல்லோ, பாதி வைத்தியம் முடிஞ்சுது. அங்கயே கெடந்திருந்தா கம்பளிக்குள்ள மெல்ல மெல்லச் சூடேத்தியிருக்கோணும். சுடுதண்ணிப் பக்கெட்டு ஆகாது. சொறியாத, கொப்புளத்தைக் கிள்ளாத. ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கற சீக்குக்கு ஆன்லைன்ல எதுக்குடா அத்தனை தைலம்? அதுக்கும் மேல இழுத்தா, சீழு வெச்சா, டாக்டரைப் பாரு. சக்கரைக்காரங்க அத்தனை நாளுங் காத்திருக்கக் கூடாது. வருசா வருசம் வந்து வாட்டுனா பிரசருக்குக் குடுக்கற நிஃபெடிபின் மாத்திரையை அவரே எழுதுவாரு. அதுக்காகத் தாத்தன் டப்பாவுல கைய விடாத.

சங்ககிரி லாரிக்காரங்களும் காஷ்மீரம் வரைக்கும் போறவங்கதான். கேட்டுப்பாரு, என்ன சொல்லுவாங்க? காலு நனைஞ்சா உடனே தொடை. காஞ்ச சாக்ஸு ரெண்டு சோடி கூட வெச்சுக்க. கை, காது, மூக்கையும் மூடு. போட்டோவுக்கு அழகா இருக்குதுன்னு பூட்ஸை இறுக்கிக் கட்டுனா ரத்தம் எந்த வழியா வெரலுக்குப் போகும்?

குளுருக்கு இதமா இருக்குதுன்னு சிகரெட்டும் பத்த வெச்சயாமா? அதுவுங் குழாயைச் சுருக்கறதுதான். உங்கப்பன்கிட்டச் சொல்லமாட்டேன், பயப்படாத. பாக்கெட்டை மட்டும் இங்க குடுத்துட்டுப் போ.