உண்மை நகல் இணைக்கப்பட்டுள்ளது

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரன்,
சாலை ரோடு, உறையூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
பள்ளிக் கல்வித் துறை,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை.

பொருள்: கல்வி – பதின்ம வயதினர் – கணினிக் கோப்புகளைச் சேமித்தல், நகல் எடுத்து வைத்தல் – கற்றுத்தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் துறை இதுவரை கேட்டு வாங்கிய நகல்கள் (எண்ணிலடங்கா).
2. என் கடை மேசை முன் விழிபிதுங்கி நின்ற பிள்ளைகள் (பல தேதிகள்).

ஐயா,

முதலில் நன்றி. தாங்கள் இல்லையென்றால் என் கடை இல்லை. பள்ளியில் சேர நகல், உதவித்தொகைக்கு நகல், பஸ் பாஸுக்கு நகல். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஜூன் மாதம் முழுக்க என் மிஷின் சூடு ஆறுவதில்லை. எடுத்த நகல் பொய் நகலாக இருந்துவிடக் கூடாதே என்று அதன் தலையில் ‘உண்மை நகல்’ முத்திரை, காலில் பச்சை மைக் கையெழுத்து. தங்கள் அலுவலகத்துச் சுற்றறிக்கையில் விஷயம் நான்கு வரி. அடியில் ‘நகல்’ என்று தொடங்கும் பட்டியல் அரைப் பக்கம். நகலின் அருமை தெரிந்த துறை நாட்டில் ஒன்று உண்டென்றால் அது தங்களுடையதுதான்.

அப்படிப்பட்ட துறையில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்றுக்கு மட்டும் நகல் இல்லை. அது அவர்கள் தாங்களாகவே உட்கார்ந்து செய்த வேலை.

கடையில் நடக்கும் உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறேன். “அண்ணே, ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கணும்.” “ஃபைல் எங்க தம்பி?” “சேவ் பண்ணிட்டேண்ணே.” “எங்க பண்ணுன?” “உள்ளதாண்ணே.” உள்ளே என்றால் எதன் உள்ளே என்று கேட்டால் அது தத்துவ விசாரமாகிவிடும். பென் டிரைவைச் செருகுவேன். ஷார்ட்கட் வைரஸ் புகுந்து எல்லா ஃபோல்டரையும் மறைத்துவிட்டு, பெயரளவில் ஒரு குறுக்குவழியை விட்டுவைத்திருக்கும். வைரஸ் இல்லாவிட்டால் பெயர் சிக்கல். ஃபைலுக்கு ‘ஏஏஏஏ’ என்று பெயர்; அதற்கு முந்தையதற்கு ‘ஏஏஏ’.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். கைபேசியில் வளர்ந்தவர்கள். கைபேசி ஃபோல்டரைக் கண்ணில் காட்டுவதில்லை. எழுதியதைத் தானே சேமித்துக்கொள்கிறது. அதே பிள்ளை பள்ளி ஆய்வகத்தில் ஓபன் ஆஃபீஸ் ரைட்டரில் இரண்டு பக்கம் அடித்து, கன்ட்ரோல் எஸ் அழுத்தாமல் உட்கார்ந்திருக்கும்போது மின்சாரம் போகிறது. மின்சாரம் திரும்பி வருகிறது, கட்டுரை வருவதில்லை. ஆனால் கணினியின் முதல் தலைமுறை வெற்றிடக் குழாய், இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பிள்ளை ஒப்பிக்கும். கணினியின் பாட்டனார் வரை குலவரலாறு தெரியும். நேற்று தான் எழுதியது எங்கே என்று தெரியாது.

இதில் தங்கள் துறையின் முன்யோசனையையும் சொல்லத்தான் வேண்டும். கணினியில் எழுதிய நிரலை ரெக்கார்டு நோட்டில் மறுபடி கையால் எழுத வைக்கிறீர்கள். திரையில் வந்த விடையையும் பென்சிலால் எழுத வைக்கிறீர்கள். முதலில் சிரித்தேன். பிறகு புரிந்தது: தமிழ்நாட்டு மாணவனிடம் உள்ள ஒரே நம்பகமான பேக்கப் அந்த நோட்டுதான். வைரஸ் தாக்காது, பாஸ்வேர்டு கேட்காது, அட்டை போட்டு லேபிளும் ஒட்டியிருக்கும்.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மற்ற மாநிலங்கள் வாயைப் பிளந்து பார்த்த திட்டம். நெசவாளர் வீட்டிலும் சுருட்டுச் சுற்றுகிறவர் வீட்டிலும் கணினி வந்தது. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் ஆன் செய்ததும் முதலமைச்சர் படம் மட்டும் வந்து நிற்கிறது என்று அந்நாளில் பலர் என்னிடம் வியந்தார்கள். ஆக, ஃபார்மட் போட்டாலும் அழியாத இடத்தில் ஒன்றைச் சேமிப்பது எப்படி என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வித்தையைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கலாம்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு ‘உலகம் உங்கள் கையில்’ என்று புது மடிக்கணினி வரத் தொடங்கியது. உலகம் கையில், ஃபைல் எங்கே? இது முன்னைவிட அவசரமான கேள்வி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அழித்தாலும் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. அழித்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு சிறிது நேரத்தில் சுத்தமாகத் துடைத்துவிடும். இயந்திரம் வேகமானது, மன்னிப்பு குறைந்தது.

“எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சித்தப்பாவின் கைபேசி எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய கணக்கு. சித்தப்பா எண்ணை மாற்றிவிட்டார், பிள்ளை பாஸ்வேர்டை மறந்துவிட்டது. மறக்காதவர்களுக்கு 15 ஜி.பி. இலவச இடம், அதைக் காதுகுத்து வீடியோவும் மெயிலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு ஆண்டு தொடாத கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, டிரைவோடு ‘சிங்க்’ செய்திருப்பது வேறு, நகல் வைத்திருப்பது வேறு. கணினியில் அழித்தால் டிரைவிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். அரையாண்டுத் தேர்வுக்கும் ஆண்டுத் தேர்வுக்கும் இடையில் 30 நாளுக்கு மேல் என்பது தங்களுக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளிலேயே ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு 1,950 டாலர் கேட்டது. தென்கொரியாவில் அரசு ஊழியர்களிடம் “அலுவலகக் கணினியில் எதையும் வைக்காதீர்கள், அரசின் ஜி டிரைவில் மட்டும் வையுங்கள்” என்றார்கள். சொன்னபடி வைத்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்து, 858 டெராபைட் போயிற்று. ஏன் வேறிடத்தில் நகல் இல்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: அளவு ரொம்பப் பெரிசு. நம் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டிருந்தால் மூன்று நகல் எடுத்துவரச் சொல்லியிருப்பார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் விதி எளிது. எதற்கும் மூன்று பிரதி. இரண்டு வகைச் சாதனத்தில். ஒன்று வேறு ஊரில். வேறு ஊரில் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. உறையூரையே ஒரு காலத்தில் மண்மாரி பொழிந்து மூடியது என்று தலபுராணம் சொல்லும். ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில், 1323-ல் வடக்கிலிருந்து படை வந்தபோது பிள்ளை லோகாச்சாரியரும் அடியார்களும் உற்சவரை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார்கள். ஊர் ஊராகத் தங்கி 1371-ல்தான் பெருமாள் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு திருமேனி எழுந்தருளியிருந்தது. இரண்டில் பழையவர் யார்? வயது முதிர்ந்த ஒரு சலவைத் தொழிலாளி, திருமஞ்சனம் செய்த ஈர ஆடையின் மணத்தைக் கொண்டு “இவரே நம்பெருமாள்” என்று அடையாளம் சொன்னதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். கணினிக்காரர்களிலேயே பாதிப்பேர் மறக்கும் பாடம் அது: வெளியே கொண்டுபோய் வைத்தால் மட்டும் போதாது, திரும்பக் கொண்டுவந்து, சரியானதுதானா என்று பார்த்தால்தான் வேலை முடிந்தது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

ஒன்று: ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை டி.என். ஸ்பார்க் என்று செயற்கை நுண்ணறிவு கற்றுத்தருகிறீர்கள். அதில் ஒரு பீரியட் போதும். ஃபோல்டர் என்றால் என்ன, பெயரில் பாடமும் தேதியும் போடுவது எப்படி, பென் டிரைவில் ஒரு பிரதி, டிரைவில் ஒரு பிரதி. இயற்கை அறிவுக்கு இவ்வளவு தந்துவிட்டுச் செயற்கை அறிவுக்குப் போகலாம்.

இரண்டு: ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண். அதில் இரண்டை ஒதுக்குங்கள். மாணவன் நிரலை எழுதி முடித்ததும் வெளித்தேர்வாளர் அந்த ஃபைலை அழித்துவிட வேண்டும். அழாமல் இன்னொரு பிரதியைத் திறந்து காட்டுபவனுக்கு இரண்டு மதிப்பெண். ஒரே ஆண்டில் தமிழ்நாடு முழுக்கப் பழக்கம் வந்துவிடும்; மதிப்பெண் இல்லாத எதையும் நாம் கற்றதில்லை.

மூன்று: சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தோடு பென் டிரைவையும் அடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் விஜயதசமியில் எடுத்துத் திறந்து, எல்லா ஃபைலும் படிக்க வருகிறதா என்று பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒரு சோதனையாவது நடக்கும். அரசு விடுமுறை ஏற்கெனவே இருக்கிறது, தனி அரசாணை வேண்டாம்.

நான்கு: மடிக்கணினியோடு தரும் பையில் ஒரு பென் டிரைவும் வையுங்கள். அது உயர்கல்வித் துறை என்று கோப்பை அங்கே தள்ளுவீர்கள் என்பதை அறிவேன். தள்ளுமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நகலெடுத்தே பிழைப்பவன்.

நகல்:
1. முதன்மைக் கல்வி அலுவலர், திருச்சிராப்பள்ளி – தகவலுக்காக.
2. அருள்மிகு வெக்காளியம்மன், உறையூர் – சூலத்தில் கட்டப்பட்டது. கூரையில்லாத அந்தச் சன்னிதியில் மனுக்கள் நேரடியாகவே பரிசீலிக்கப்படுகின்றன.
3. மாமியார் வீடு, ஸ்ரீரங்கம் – ஆற்றுக்கு அக்கரைப் பிரதி.

குறிப்பு: பதில் அனுப்பும்போது நகல் எதுவும் தேவையில்லை. அசல் ஒன்று வந்தால் போதும்.